முக்காலி என்று நான் சொன்னது

பாப்பா, போன மாதம் ரிஷிவந்தியத்தில் காதுகுத்து விருந்துக்குப் போயிருந்தோமே, அங்கே நீ ஒரு வார்த்தை சொன்னாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தம்பி, நீயும் படி. உனக்கும் வாய் வளர்ந்துகொண்டுதான் வருகிறது.

பந்தி முடிந்து எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். உங்கள் பெரியம்மா வழக்கம்போல, சிங்கப்பூரில் இருக்கும் மகனின் போட்டோவைப் போனில் ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு வந்தார்.

"எம் புள்ள டெய்லி போன் பண்ணிடுவான். ஒருநாள் தவறமாட்டான்."

நீ தட்டில் இருந்த கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாய்: "பெரிம்மா, அண்ணன் பண்ணுதா, இல்ல நீங்க பண்ணி அது எடுக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். யாரோ, "அப்பன் நாக்கு, அப்படியே உரிச்சி வெச்சிருக்குது" என்றார்கள். நீ உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாய். நான் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்ததும் அவர் போனை அணைத்தார், முந்தானையால் ஒருமுறை துடைத்தார், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பஸ் ஏறும் வரைக்கும் அதை வெளியே எடுக்கவில்லை.

வரும் வழியில், "ஏம்ப்பா உம்முனு வர்ற?" என்று கேட்டாய். தலைவலி என்றேன். தலைவலி இல்லை. உங்கள் மாமா நினைவு வந்துவிட்டது.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். டிராக்டர் ஓட்டுகிறவன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனால், முன்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் காலியாகும் வரை வரிசையில் கிடக்க வேண்டும். டிரைவர்களுக்கு அங்கே பேச்சுதான் பொழுதுபோக்கு. அந்த வரிசையில்தான் எனக்கு 'வாய்க்காரன்' என்று பெயர் வந்தது. ஒருமுறை ஒரு டிரைவர் தன் வண்டியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மாட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை நடுரோட்டில் நின்றுபோன வண்டி அது. "பாட்டு நல்லா ஓடுதுண்ணே. வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டேன். அவரே அதை வாரம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிண்டல் என்றால் அதுதான். பட்டவனே எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பான்.

தெருக்குழாய் விஷயமாக ஊர்க்கூட்டம் நடந்தபோது இன்னொன்று சொன்னேன். தண்ணீர் சீக்கிரம் வந்துவிடும் என்று ஒருவர் வெகுநேரம் பேசினார். ஓட்டு கேட்டுவிட்டுப் போன பிறகு அன்றைக்குத்தான் அவரை நம் தெருவில் பார்த்தோம். "நீங்க வந்து சேரவே அஞ்சு வருசம் ஆவுது. தண்ணி அதுக்கு மின்னாடி வருமா தலைவரே?" என்றேன். அதைக் கிண்டல் என்று யாரும் சொல்லவில்லை. "உறைக்கிற மாதிரி கேட்டான்" என்றார்கள். மிளகாய் உறைத்தால் தண்ணீரைத் தேடுவோம் அல்லவா, அந்த மாதிரி அவரும் அடுத்த வாரமே குழாயைத் தேடி ஆள் அனுப்பினார். பேச்சில் காரம் இருந்தாலும் கேட்டவர்களுக்கு ஒரு நன்மை நடந்தது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கும். சொல்லாமல் விழுங்கினால் நஷ்டம்போல் இருக்கும்.

எனக்குச் சரியான ஜோடி உங்கள் மாமாதான். அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் கேலி பேசலாம், பேசவும் வேண்டும். அது நம்மிடம் முறை. கூடப்பிறந்தவனிடம் சொல்ல முடியாததை மச்சானிடம் சொல்லலாம். பேசாமல் இருந்தால்தான், "இன்னா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று ஊர் கேட்கும். நான் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்றே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"டிராக்டர் ஓட்டற மாப்ளன்னு சொன்னாங்க. டிராக்டருக்கு அடியில வுழுந்து எழுந்து வந்தா மாதிரி கீற?"

"வரும்போது நல்லாத்தான் மச்சான் வந்தேன். உங்க வூட்டு காப்பியைக் குடிச்சதுல இருந்துதான் இப்பிடி."

கல்யாணம் முடிவானதே அந்தப் பேச்சில்தான் என்று உங்கள் அம்மா சொல்வாள். ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். பல வருடம் எங்களுக்குள் அப்படித்தான் ஓடியது. ஒருநாளும் புண்பட்டதில்லை. கேலி என்பதற்கு அர்த்தம் அதுதான் என்று நினைக்கிறேன். திரும்பி வரும் என்று தெரிந்தே எறிவது.

அந்த வருடம் தை மாதம் நம் கொல்லையில் கரும்பு வெட்டு நடந்தது. கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே இருந்து வெட்டு ஆட்கள் சட்டி பானையோடு இறங்கி வந்து, கொல்லை ஓரத்தில் தோகையால் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். உங்கள் மாமாவும் அவர்களோடு சேர்ந்து முதல் வரிசை பிடித்தார். இந்தப் பக்கத்தில் அவர் அளவுக்கு மண்ணோடு வெட்டுகிற ஆள் கிடையாது. கரும்பின் இனிப்பு அடியில்தான் இருக்கிறது. கட்டையை உயரமாக விட்டால் எடையும் போகும், அதிலிருந்து அடுத்து முளைத்து வருகிற தழைவும் கெடும். யாராவது உயர்த்தி வெட்டிவிட்டால், "ஒடம்ப வுட்டுட்டு தலைய மட்டும் எடுத்துகினு போறியேடா" என்று திட்டுவார். அந்த விஷயத்தில் அவருக்கு அவ்வளவு மானம்.

மத்தியானம் நான் கேனில் டீ எடுத்துக்கொண்டு போனேன். ஆட்கள் எல்லாம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா மட்டும் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வரிசையில் கட்டைகள் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. டீ குடிக்கக் கூப்பிட்டதும், முழங்காலில் கையை ஊன்றி, நிமிர்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்று, பிறகு நிமிர்ந்தார். நான் அதையும் பார்த்தேன். அங்கே இருந்த அத்தனை பேரில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்தது நெஞ்சுக்குப் போய்ச் சேருவதற்குள் வாய்க்கு வந்துவிட்டது.

"இன்னா மச்சான், கரும்பு வெட்டறியா, இல்ல குந்திக் குந்திப் போறதுக்கு முக்காலி போட்டுகினு வர்றியா?"

வெட்டு ஆட்களுக்குத் தலைவியாக ஒரு அம்மா வந்திருந்தார். அவருக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. தரையைத் தட்டித் தட்டி, "குசும்பப் பாரு இந்தண்ணனுக்கு" என்றார். மேஸ்திரி, "நக்கலுக்கு மட்டும் கொறச்சலே இல்ல" என்றார். நான் மாமாவின் பதிலுக்குக் காத்திருந்தேன். எல்லோருமே காத்திருந்தார்கள். அது அவருடைய முறை.

அவர் தன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கரும்பின் நுனிக் கொழுந்து ஒன்றை ஒடித்துக் கத்தியைத் துடைத்தார், பையில் வைத்தார், வரப்பில் நிறுத்தியிருந்த வண்டியை நோக்கி நடந்தார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

அன்று சாயங்காலம் என் அண்ணன் வந்து, "நறுக்குனு கேட்டியாமே" என்று தோளில் தட்டினார். நறுக்கு என்றால் பாராட்டு. சொல் அளவாக இருந்தது, சரியான இடத்தில் விழுந்தது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் மாமாவின் மனைவி, உங்கள் அத்தை, போன் செய்தார்.

"ண்ணே, அத்தினி பேரு மின்னாடி குத்திக் காட்டிட்டீங்களே."

"தமாசுக்குச் சொன்னதும்மா. இன்னிக்கு நேத்தா பேசறோம்?"

"தமாசுனா அவரு ஏன் வந்ததுல இருந்து சோறு துன்னாம படுத்துகினு கீறாரு?"

ஒரே வார்த்தைக்கு ஒரே நாளில் நாலு பெயர். குசும்பு, நக்கல், நறுக்கு, குத்திக் காட்டுவது. சொன்னவன் நான்தான், எனக்கு எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும். குசும்பில் விஷமம் இருக்கும், பகை இருக்காது. நக்கலில் நான் மேலே நிற்கிறேன், நீ கீழே நிற்கிறாய் என்பது இருக்கும். ஆனால் குத்திக் காட்டுவது என்று அத்தை சொன்னாரே, அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். குத்தியதோடு விட்டிருந்தால் அது எனக்கும் மச்சானுக்கும் இடையில் முடிந்திருக்கும். நான் காட்டவும் செய்தேன். அவர் யாருக்கும் தெரியக் கூடாது என்று மறைத்துக்கொண்டு வெட்டியதைப் பத்துப் பதினைந்து பேருக்கு விரல் நீட்டிக் காட்டினேன்.

அதையாவது அன்றைக்கே புரிந்துகொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

வெட்டு முடிந்த மூன்றாம் நாள், தழைவு நன்றாக வர வேண்டும் என்று கட்டைகளை மண்வெட்டியால் மண் மட்டத்துக்குச் சீவப் போனேன். மாமாவின் வரிசைக்கு வந்தேன். தொடக்கத்தில் கட்டை தெரியவே இல்லை, மண்ணோடு மண்ணாக வெட்டியிருந்தார். கொஞ்சதூரம் போனதும் நாலு விரல் உயரம். இன்னும் போனதும் ஒரு சாண். பிறகு ஓர் இடத்தில் மண் அழுந்திக் கிடந்தது, உட்கார்ந்து எழுந்த தடம். அங்கிருந்து மறுபடி மண்ணோடு. மறுபடி மெல்ல உயரம். மறுபடி ஒரு தடம். வலி எப்போது வந்தது, எப்போது கொஞ்சம் விட்டது என்பது கடைசி வரைக்கும் மண்ணில் நின்றது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, எழுந்த ஒவ்வொரு முறையும் மண்ணோடு வெட்டத்தான் பார்த்திருக்கிறார்.

மண்வெட்டியை வைத்துவிட்டு அந்த நிமிடமே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நம் வீட்டிலிருந்து வண்டியில் போனால் ஒரு டீ ஆறும் நேரம்தான். "மொதல்ல அவரு பேசட்டும்" என்று நினைத்தேன். முறை அவருடையது என்று நினைத்தேன். எல்லாக் கட்டையையும் சீவிச் சமமாக்கிவிட்டு வந்தேன்.

வைகாசியில் பாப்பா, நீ பெரியவளானாய். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். வருவாரோ மாட்டாரோ என்று உங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததும் தென்னங்கீற்றோடு வந்துவிட்டார். குனியாமல், மண்டி போட்டே கழி நட்டார். அம்மாதான் ஒவ்வொரு கீற்றாக எடுத்துக் கொடுத்தாள். உனக்கு நினைவிருக்கும், உள்ளே இருந்து, "மாமா, ஏசி உண்டா?" என்று கேட்டாய்.

"எதுக்குடா கண்ணு? உங்கப்பன் வாயத் தொறந்தா போதும், காத்து பிச்சிகினு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். திருப்பிச் சொல்லிவிட்டார், சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு உங்கள் அம்மாவிடம், "தண்ணி குடும்மா" என்றார்.

கார்த்திகையில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வாடகைக் கார் எடுத்துப் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். முதுகெலும்பில் கட்டி என்றார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். "ஒரு மாசமா" என்றார் அத்தை. மாமா, "இல்ல. போன தையில இருந்து" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அப்பவே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. எழுதிக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"தையில நம்ம கொல்லியில வெட்டும்போதே வலி இருந்துதாமே?"

"ம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் அத சொன்னீங்களா?"

அவள் தண்ணீரை வடித்தாள், அரிசியை உலையில் போட்டாள். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் வாழ்க்கையில் எவ்வளவோ வெட்டும் குத்துமாகப் பேசியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன். அவள் கேட்டதில் ஒரு கூரும் கிடையாது. சாதாரணமாகக் கேட்டாள். அது இறங்கிய ஆழத்துக்கு வேறு எதுவும் இறங்கியதில்லை. அதற்கு ஒரு வார்த்தை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நீங்கள் என்னைவிட அதிகம் படிக்கிறீர்கள்.

மார்கழியில் தனியாக அவர் வீட்டுக்குப் போனேன். வண்டியில் போகும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'மச்சான், அன்னிக்கு நான் பாத்தேன். இன்னா ஆச்சுன்னு கேட்டிருக்கணும். கேக்கல.' அவ்வளவுதான். மூன்று வாக்கியம்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது.

"வா மாப்ள. உனுக்குன்னே முக்காலி போட்டு வெச்சிருக்கேன், குந்து."

கட்டிலுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு மர முக்காலி இருந்தது. அத்தை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். மூன்று வாக்கியத்தில் ஒன்றும் வரவில்லை. டிராக்டர் கிளச் தேய்ந்துபோனதைப் பேசினோம். ஆலையில் இருந்து அவர் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்ததா என்று பேசினோம்.

"எங் கரும்ப யாரு வெட்டறது?"

"நான் வெட்டறேன் மச்சான்."

"நீயா? டிராக்டர்ல ஏறிக் குந்தவே உனுக்கு ஏணி வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "வெட்டுனா மண்ணோட வெட்டு."

பழைய மச்சான் பேசுகிற மாதிரிதான் இருந்தது. வரும் வழி முழுக்க யோசித்தேன். முக்காலி என்று சொன்னாரே, அது என்னை மன்னித்துவிட்டு, மறுபடி கேலி முறைக்குள் சேர்த்துக்கொண்டதா? இல்லை, ஒரு வருடம் காத்திருந்து அதே இடத்தில் என்னைக் குத்தியதா? அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் போனதால் மீதி தெரியவில்லை. அடுத்த முறை கேட்டுவிடலாம் என்றிருந்தேன். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டார்.

மாசியில் அவர் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. மலையில் இருந்து அதே ஆட்கள் வந்தார்கள். நான் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, கத்தி எடுத்து முதல் வரிசையில் நின்றேன். தலைவியம்மா பக்கத்து வரிசையில் வந்துகொண்டிருந்தவர், நிமிர்ந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்கண்ணே, நம்ம முக்காலி அண்ணனக் காணோம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

"அவரு தவறிட்டாரும்மா. பொங்கலுக்கு மின்னாடி."

அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ. பேரு தெரியாதுண்ணே எங்களுக்கு. நீ அன்னிக்கு சொன்னதுல இருந்து முக்காலி அண்ணன்னுதான் சொல்லிகினு இருக்கோம். எங்க ஊர்லகூட எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சோம்."

மாமா கல்வராயன் மலைக்கு ஒருமுறைகூடப் போனது கிடையாது. அவர் பார்க்காத ஊரில், அவர் முகம் தெரியாதவர்கள் நடுவில், ஒரு வருடமாக நான் வைத்த பெயரோடு இருந்திருக்கிறார்.

அவருடைய பெயரைச் சொன்னேன். அந்த அம்மா அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு பக்கத்து வரிசைக்காரரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். கரும்புக்குள் ஆள் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். அவர் பெயர் வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளிக் கொல்லையின் அந்தக் கோடி வரைக்கும் போனது. நான் குனிந்தேன். வரிசை முழுக்க மண்ணோடு வெட்டினேன் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் எனக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து உட்கார்ந்துதான் முடித்தேன்.

பாப்பா, விருந்தில் நீ பார்த்தது பொய் இல்லை. அந்த அண்ணன் போன் செய்வதில்லை, பெரியம்மாதான் செய்கிறார், பலநாள் அவன் எடுப்பதும் இல்லை. அத்தனை பேரில் அதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

பெரியம்மாவின் நம்பர் அம்மாவின் போனில் இருக்கிறது.